வெப்பத்தின் எல்லையைத் தேடியவர்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ளது கார்ன்வால். குளிர்ந்த கடற்காற்று வீசும் நிலப்பகுதி அது. ஆயினும், அங்குள்ள வெள்ளீயச் சுரங்கங்களில் ஆழம் செல்லச் செல்லப் பாறை சுடும். காற்று அசையாது. சுவர்களில் நீர் கசியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய சுரங்கம் ஒன்றினுள், தொழிலாளர்களின் நடுவே ஒரு பேராசிரியரும் மேலாடையின்றி அமர்ந்திருந்தார். கையில் வெப்பமானிகளும் குறிப்பேடும் இருந்தன. தம் உடலின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது, நாடி எவ்வளவு விரைவாகத் துடிக்கிறது என்பதை அவர் குறித்துக்கொண்டிருந்தார். அவர்தாம் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஹால்டேன் 1860ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். அண்ணன் ரிச்சர்ட் பின்னாளில் பிரிட்டிஷ் அரசில் போர் அமைச்சராகவும் தலைமை நீதி அமைச்சராகவும் உயர்ந்தவர். தாய்வழி மாமன் ஜான் பர்டன் சாண்டர்சன் ஆக்ஸ்போர்டில் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். ஹால்டேன் எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். ஆனால், நோயாளிகளுக்கு மருந்து எழுதித் தரும் வாழ்க்கை அவரை ஈர்க்கவில்லை. நலமாக இருக்கும் மனிதன் எப்படி நலமாக இருக்கிறான் என்பதே அவருக்குப் புதிராக இருந்தது. வெளியே குளிர்ந்தாலும் சுட்டாலும், ஓடினாலும் உறங்கினாலும், உடலின் உள்நிலை பெரிதும் மாறாமல் இருக்கிறதே, அது எப்படி? இந்தக் கேள்வியோடு மாமன் இருந்த ஆக்ஸ்போர்டுக்கே சென்று ஆய்வில் இறங்கினார்.

அவரது ஆய்வுக்கூடம் நான்கு சுவர்களுக்குள் அடங்கவில்லை. ஏழைகளின் நெருக்கடியான வீடுகள், கழிவுநீர்க் கால்வாய்கள், தொழிற்சாலைகள், சுரங்கங்கள் என மனிதர் மூச்சுவிடத் திணறும் இடங்களையெல்லாம் தேடிச் சென்று அங்குள்ள காற்றைப் பிடித்துவந்து ஆராய்ந்தார். 1896இல் தெற்கு வேல்சில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டபோது, அவர்களின் உடல்களை நேரில் ஆராய்ந்தவரும் அவரே. பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பன்று, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளி என்று அவர் கண்டறிந்தார். மணமும் நிறமும் இல்லாத அந்த வளியை முன்கூட்டியே அறிய, மனிதரைவிட விரைவில் மயங்கிவிடும் சிறு உயிர்களைச் சுரங்கத்திற்குள் கொண்டு செல்லலாம் என்று யோசனை கூறினார். கூண்டில் கேனரிக் குருவியோடு சுரங்கத்தில் இறங்கும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததே.

பிறரிடம் சோதிக்கும் முன் தம்மிடமே சோதிப்பது அவரது வழக்கம். நச்சு வளியைத் தாமே சுவாசித்து, கை கால் தளரும் வரை ஒவ்வொரு நிலையையும் குறித்துவைத்தார். மகனும் இதிலிருந்து தப்பவில்லை. சிறுவனாக இருந்த மகன் ஜாக்கை ஒருமுறை சுரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். எரிவளி தேங்கியிருந்த ஓரிடத்தில் நிற்கவைத்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்திலிருந்து ஓர் உரையை ஒப்புவிக்கச் சொன்னார். சில வரிகளிலேயே சிறுவனின் கால்கள் துவண்டன. தரையில் விழுந்ததும் மூச்சு சீரானது. அந்த வளி காற்றைவிட இலேசானது, மேலேதான் மிதக்கும் என்பதை ஜாக் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. இன்றைய பெற்றோர் எவரும் ஒப்பாத பாடமுறைதான் இது. ஆனால், அந்த மகனே பின்னாளில் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் உலகறிந்த உயிரியல் அறிஞராகி, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

கார்ன்வாலுக்கு ஹால்டேன் சென்றது வேறொரு காரணத்தால். அங்குள்ள டோல்கோத் சுரங்கத் தொழிலாளர்கள் வெளிறிய முகத்தோடு, ஏணி ஏற மூச்சு வாங்கி, நாளுக்கு நாள் மெலிந்துவந்தனர். சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணம் என்று பலரும் எண்ணினர். 1902இல் அரசு ஹால்டேனை அனுப்பியது. காற்றை அளந்து பார்த்த அவருக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. தொழிலாளர்களின் இரத்தத்தை ஆராய்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஆர்தர் பாய்காட் என்னும் மருத்துவருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வில், அவர்களின் குடலில் கொக்கிப்புழுக்கள் இருந்து இரத்தத்தை உறிஞ்சுவது தெரியவந்தது.

கொக்கிப்புழு வெப்ப நாடுகளுக்கு உரியது. குளிர்ந்த இங்கிலாந்தில் அதற்கு என்ன வேலை? விடை சுரங்கத்தின் வெப்பத்தில் இருந்தது. நிலத்தின்மேல் விழுந்தால் குளிரில் வளர இயலாத அந்தப் புழுவின் முட்டைகள், ஆழத்தில் இருந்த வெதுவெதுப்பான ஈர மண்ணில் நன்கு பொரிந்தன. நிலத்தடியில் முறையான கழிப்பிடம் இல்லாததும் அதற்கு வாய்ப்பாகிவிட்டது. மனிதனை வாட்டிய அதே வெம்மை புழுவுக்குத் தாய்வீடாக இருந்தது. எல்லா உயிர்களுக்கும் வெப்பம் ஒன்றுபோல் பகையன்று. ஒவ்வோர் உயிருக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை உயிருக்கு உயிர் மாறும். கழிப்பிட ஏற்பாடுகளும் தூய்மையும் வற்புறுத்தப்பட்ட பின் நோய் குறையத் தொடங்கியது. அப்படியானால், மனிதனின் எல்லை எது? இந்தக் கேள்வி ஹால்டேனைப் பற்றிக்கொண்டது.

இக்கேள்வி முற்றிலும் புதியதன்று. 1774ஆம் ஆண்டு இலண்டனில் சார்ல்ஸ் பிளாக்டென் என்னும் மருத்துவர் நண்பர்களோடு சேர்ந்து, கடுமையாகச் சூடேற்றப்பட்ட அறைகளுக்குள் சென்று நின்றார். அந்தச் சோதனைகளில் அறையின் வெப்பம் நீர் கொதிக்கும் நிலையையும் தாண்டியது. உள்ளே வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்தன. அதே அறையில் நின்ற மனிதர்கள் சில நிமிடங்களுக்குப் பின் நலமாக வெளியே வந்தனர். அவர்களின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய வழக்கம்போலவே இருந்தது. உயிருள்ள உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது என்பதை அச்சோதனை ஐயமற நிறுவியது.

ஆனால், கார்ன்வால் சுரங்கத்தில் வெப்பநிலை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் அங்கே வலிமையான ஆடவர்கள் அரை மணி நேரம் மண்வெட்டி பிடித்ததும் தள்ளாடினர். இது முரணாகத் தோன்றும். முரணை அவிழ்க்க ஹால்டேன் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். சுரங்கத்தின் சூடான மூலைகளிலும், செயற்கையாக வெப்பமூட்டப்பட்ட அறைகளிலும் மணிக்கணக்கில் அமர்ந்தார். சில நாள் காற்று உலர்ந்திருந்தது, சில நாள் ஈரமாக இருந்தது. சில வேளை சும்மா இருந்தார், சில வேளை உழைத்தார்.

அவரிடம் இருந்த கருவி மிக எளியது. இரண்டு வெப்பமானிகள். ஒன்று சாதாரணமானது. மற்றொன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றப்பட்டிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் துணியிலுள்ள நீர் விரைவாக ஆவியாகும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் ஈரக்குமிழ் வெப்பமானி குறைவான அளவைக் காட்டும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது. அப்போது இரண்டு வெப்பமானிகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி மாலை வரை காயாமல் தொங்குவதும் இதே காரணத்தால்தான்.

மனித உடலும் ஒரு வகையில் ஈரத்துணி சுற்றிய குமிழ் போன்றதே. நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 பாகை செல்சியஸ். தசைகள் உழைக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அது வெளியேறாவிட்டால் உடல் கொதிகலனாகிவிடும். எனவே, முதலில் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே உண்டான வெப்பத்தை இரத்தம் தோலுக்குச் சுமந்துவருகிறது. முகம் சிவப்பதும் நாடி விரைவதும் அதனால்தான். சுற்றியுள்ள காற்று உடலைவிடக் குளிர்ந்திருந்தால் இதுவே போதும். காற்றும் சூடாக இருந்தால் வியர்வை ஒன்றுதான் துணை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயன் இல்லை. உடல் நீரை இழக்கும், வெப்பத்தை இழக்காது.

ஹால்டேன் 1905இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை எண்களில் சொன்னது. மேலாடை இன்றி, அசையாத காற்றில் ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு, ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 31 பாகையைத் தாண்டும்போது உடல் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. சாதாரண வெப்பமானி என்ன காட்டுகிறது என்பது இங்கே முதன்மையன்று. காற்று வீசினால் எல்லை சற்று உயர்கிறது. கடுமையாக உழைத்தாலோ எல்லை சட்டென்று தாழ்கிறது. ஈரக்குமிழ் சுமார் 26 பாகையைக் கடந்ததுமே தொடர்ந்து கடின வேலை செய்வது இயலாததாகிறது. பிளாக்டெனின் அறை உலர்ந்திருந்தது, வியர்வை உடனுக்குடன் ஆவியானது. டோல்கோத் சுரங்கம் ஈரமாக இருந்தது. முரண் அவிழ்ந்துவிட்டது.

கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் இந்த முடிவுக்குப் பின்னால் பெரிய நியாயம் ஒன்று இருந்தது. சூடான சுரங்கத்தில் ஒருவர் மெதுவாக வேலை செய்தால் அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. கூலியும் அதற்கேற்பக் குறையும். ஆனால், அங்கே மெதுவாக வேலை செய்வது சோம்பலன்று, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்பதற்கு இப்போது ஓர் அளவு கிடைத்தது. தொழிலாளியை விரட்டுவதற்கு மாறாக, சுரங்கத்தில் காற்றோட்டத்தைக் கூட்டினால் வேலை தானே விரையும் என்று உரிமையாளரிடம் காட்ட ஓர் எண் கிடைத்தது.

இதற்கிடையே ஹால்டேன் வேறு பல துறைகளிலும் உழைத்தார். மூச்சின் வேகத்தை முறைப்படுத்துவது இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவே என்று 1905இல் காட்டினார். கடலடியில் மூழ்குவோர் படிப்படியாக மேலேறி வருவதற்கான அட்டவணைகளை வகுத்தார். 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சியில், ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்தில், சக அறிஞர்களோடு பல வாரம் தங்கினார். முதல் நாள்களில் மூச்சுத் திணறி, உதடு நீலமாகி, தலைவலியால் வருந்தியவர்கள் சில நாள்களில் தேறிவிட்டனர். அவர்கள் ஆழமாக மூச்சுவிடத் தொடங்கியிருந்தனர், இரத்தத்தில் சிவப்பணுக்களும் கூடியிருந்தன. கால அவகாசம் கொடுத்தால் உடல் தன்னையே மாற்றியமைத்துக்கொள்ளும் என்பதற்கு அது தெளிவான சான்று. முதல் உலகப் போரில் நச்சு வளி வீசப்பட்டபோது 1915இல் பிரான்சுக்கு விரைந்து சென்று அதை ஆராய்ந்தவர்களிலும் அவர் ஒருவர்.

இத்தனை நுட்பமாக அளக்கத் தெரிந்தவர் அன்றாட வாழ்வில் மறதிக்காரர். விருந்துக்கு உடை மாற்ற மாடிக்குச் சென்றவர் நெடுநேரமாகியும் வரவில்லையாம். போய்ப் பார்த்தால் படுக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாராம். சட்டையைக் கழற்றியதும் உறங்கும் நேரம் வந்துவிட்டது என்று எண்ணிவிட்டார் என்று குடும்பத்தார் சொல்லிச் சிரிப்பார்கள்.

வெப்பம் அவரை மீண்டும் அழைத்தது. நிலக்கரிக்காக ஆங்கிலேயர் மேலும் மேலும் ஆழமாகத் தோண்டினர். அந்த ஆழச் சுரங்கங்களில் புதியதொரு துன்பம் தலைகாட்டியது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று கை, கால், வயிற்றுத் தசைகள் முறுக்கிக்கொண்டு துடிதுடித்து விழுவார். வேலைக்கு நடுவே நிறையத் தண்ணீர் குடித்தவர்களுக்கே அது மிகுதியாக வந்தது. வியர்த்தவர் தண்ணீர் குடிப்பது சரிதானே, பின் ஏன் இந்த நோவு?

ஹால்டேனின் வழிகாட்டலில் இயங்கிய ஆய்வாளர்கள் அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கி, தொழிலாளர்கள் இழக்கும் வியர்வையை எடைபோட்டுப் பார்த்தனர். ஒரே வேலை நேரத்தில் சிலர் பல கிலோகிராம் வியர்வை சிந்தினர். வியர்வை வெறும் நீரன்று. ஒவ்வொரு லிட்டரிலும் சில கிராம் உப்பு கலந்திருக்கிறது. உப்பையும் நீரையும் சேர்த்து இழந்தவர் நீரை மட்டும் குடித்தால், உடலில் எஞ்சியிருக்கும் உப்பும் நீர்த்துப்போகிறது. தசைகள் ஒழுங்காக இயங்க உப்பு வேண்டும். அது நீர்த்ததால்தான் தசைகள் முறுக்கின. குடிக்கும் நீரில் சிறிதளவு உப்பைக் கலந்து கொடுத்தபோது நோவு விலகியது. 1923இல் இம்முடிவுகள் வெளிவந்தன. கொல்லனின் உலைக்களத்திலும் கப்பலின் கொதிகலன் அறையிலும் உழைத்தோருக்கும் அதே மருந்து உதவியது. மலிவான மருந்துதான். கண்டுபிடிக்கத்தான் சுரங்கத்தில் இறங்க வேண்டியிருந்தது.

உடல் வெப்பத்திற்கும் பழகிக்கொள்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் விரிவாக நிறுவினர். சூடான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் அளவோடு உழைத்துவந்தால், வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, மிகுதியாகவும் சுரக்கிறது. அதில் கலந்து வெளியேறும் உப்பு குறைகிறது. இதயத்தின் துடிப்பும் அமைதியாகிறது. தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் புதியவர்களை இப்படிப் படிப்படியாகப் பழக்கிய பின்னரே முழு வேலைக்கு அனுப்பும் முறை வந்தது. அந்த இடத்தை விட்டு நீங்கிச் சில வாரம் குளிர்ந்த இடத்தில் இருந்தால் பழக்கம் மறைந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு பழகினாலும் ஈரக்குமிழ் காட்டும் எல்லையை முழுதாகக் கடக்க இயலாது. உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மூளை குழம்பும், நினைவு தப்பும். உடனே குளிர்விக்காவிட்டால் உயிர் போகும். அதுவே வெப்பத்தாக்கு.

ஹால்டேனுக்கு 1934இல் அரச கழகத்தின் உயரிய கோப்ளி பதக்கம் கிடைத்தது. அப்போது வயது 74. வேறு ஒருவராக இருந்தால் ஆக்ஸ்போர்டில் ஆற்றோரம் இருந்த வீட்டில், அந்த வீட்டோடு தாமே அமைத்துக்கொண்ட ஆய்வுக்கூடத்தில், ஓய்வாகக் காலம் கழித்திருப்பார். அவருக்கோ பாரசீகத்திலிருந்து கவலை தரும் செய்தி வந்தது. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் தொழிலாளர்கள் வெப்பத்தாக்கால் வீழ்ந்துகொண்டிருந்தனர். பாரசீக வளைகுடாவின் கரையில் கோடைவெயில் கடுமையானது. கடலிலிருந்து ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கார்ன்வால் சுரங்கத்தின் மூலையில் அமர்ந்து அவர் அளந்த அதே எல்லையை, அங்கே மனிதர்கள் திறந்த வானத்தின்கீழ் சந்தித்துக்கொண்டிருந்தனர்.

எழுபத்தைந்து வயது முதியவர் பயணப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். வெப்பத்தாக்குக்கு ஆளானோரைப் பற்றி அங்கேயே சென்று ஆராய்ந்தார். நாடு திரும்பியதும் நோயுற்றார். 1936ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் நள்ளிரவில், ஆக்ஸ்போர்டு வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.